நொறுங்கத் தின்றால் நூறு வயது



சென்ற ஆண்டு தைத் திங்களில் திருக்கடையூருக்குச் சென்று வரும் வாய்ப்பு நமக்குக் கிட்டியது. மயிலாடுதுறை மாவட்டத்தில், தரங்கம்பாடிக் கடற்கரைக்கு வடக்கே, நெல்வயல்களுக்கு நடுவே அமைந்துள்ள அவ்வூரைத் தஞ்சைத் தரணியில் அறியாதார் இல்லை. மார்க்கண்டேயன் கதையோடு சேர்த்து நீண்ட ஆயுளின் ஊராக இந்துச் சகோதரர்கள் அதனைப் போற்றுகின்றனர். அறுபது நிறைந்தவர்கள், எழுபது எட்டியவர்கள், எண்பது கடந்தவர்கள் எனப் பல தம்பதியர் ஒரே நாளில் மாலையும் கழுத்துமாக அமர்ந்திருப்பதையும், பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அவர்களைச் சூழ்ந்து நிற்பதையும் அங்கே நாள்தோறும் காணலாம்.

நாம் சென்றது, பள்ளியில் நமக்குத் தமிழ் கற்பித்த ஆசிரியர் ஒருவரின் எண்பதாம் ஆண்டு விழாவிற்கு. சடங்குகள் முடிந்து படம் பிடிக்கும் நேரம் வந்தது. ஆசிரியர் வெண்பல் தெரியப் புன்னகைத்தார். குவைத்திலிருந்து வந்திருந்த மகன் தந்தையின் தோளில் கை வைத்து நின்றார். பார்க்க நெஞ்சு நிறைந்தது.

பின்னர்ப் பந்தி. தலைவாழை இலையில் வாழைக்காய் வறுவலும் அவியலும் வடையும் அப்பளமும் வந்து நிறைந்தன. நாம் ஆசிரியருக்கு எதிர் வரிசையில் அமர்ந்திருந்தோம். அவர் ஒருமுறை இருபுறமும் பார்த்தார். மெல்லத் தலையைக் குனிந்து, மேல் பல் செட்டையும் கீழ்ப் பல் செட்டையும் கழற்றிக் கைக்குட்டையில் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அதன் பிறகே இலையில் கை வைத்தார். ரசம் சோற்றைக் கூழாகப் பிசைந்து உண்டார். வடையை ரசத்தில் ஊற வைத்து விழுங்கினார். வறுவலையும் அப்பளத்தையும் பேரனின் இலைக்குத் தள்ளினார்.

விடைபெறும்போது நாம் வணங்கி நின்றோம். அவர் கையுயர்த்தி வாழ்த்தினார். ஆனால் 'வாழ்க' என்ற சொல் பாதி காற்றாக வெளிவந்தது. மேற்பல் கீழுதட்டைத் தொடும்போது வகர ஒலி எழுகிறது என்பதைத் தொல்காப்பியத்தின் பிறப்பியலை விளக்கி நமக்குச் சொல்லித் தந்தவரே அவர்தாம். 'பல் போனால் சொல் போச்சு' என்னும் பழமொழியின் பொருள் அன்று நமக்கு விளங்கியது.

நொறுங்கத் தின்றால் நூறு வயது என்பார்கள் நம் முன்னோர். நூறாண்டு வாழ்க என்று வாழ்த்துவதற்கென்றே பெயர் பெற்ற ஊரில், வாழ்த்துப் பெற்றவரால் ஒரு வடையை மெல்ல முடியவில்லை. படத்திற்குப் பல் வேண்டும், பந்திக்குப் பல் வேண்டாம் என்னும் இந்நிலை ஏன் வந்தது? இதற்குத் தீர்வு உண்டா? இம்மாத இதழில் நாம் ஆராய எடுத்துக்கொள்ளும் பொருள் இதுவே.

கரையும் வேரும்

பல் செட் சரியில்லை என்றால் அதைச் செய்தவரையே எல்லாரும் குறை கூறுகின்றனர். ஆனால் பெரும்பாலும் குறை செட்டில் இல்லை. அது அமர வேண்டிய இடத்தில்தான் இருக்கிறது.

காவிரிப் படுகையில் வாழும் நமக்கு ஆற்றங்கரை தெரியும். கரையில் நாணலும் மூங்கிலும் வேரோடி நிற்கும் வரை கரை உறுதியாக இருக்கும். அவற்றை வெட்டி எடுத்துவிட்டால் ஒவ்வொரு வெள்ளத்திலும் மண் சிறிது சிறிதாகக் கரைந்து போகும். பல்லுக்கும் தாடை எலும்புக்கும் உள்ள உறவும் இத்தகையதே. பல்லின் வேர் எலும்புக் குழியில் வெறுமனே செருகப்பட்டிருக்கவில்லை. எண்ணற்ற நுண்ணிய நார்கள் அதனை எலும்போடு கட்டி வைத்திருக்கின்றன. நாம் மெல்லும் ஒவ்வொரு முறையும் அந்நார்கள் எலும்பை இழுக்கின்றன. 'நீ இன்னும் தேவைப்படுகிறாய்' என்று எலும்புக்குச் செல்லும் செய்தி அது. அச்செய்தி வரும் வரை எலும்பு தன்னைப் புதுப்பித்துக்கொண்டே இருக்கும்.

பல்லைப் பிடுங்கியவுடன் செய்தி நின்றுவிடுகிறது. உடல் மிகச் சிக்கனமான குடும்பத் தலைவியைப் போன்றது, பயன்படாததற்குச் செலவழிக்காது. பற்களைத் தாங்கிய எலும்பு மேடு குறையத் தொடங்குகிறது. முதல் ஓராண்டில், அதிலும் முதற் சில மாதங்களில், இத்தேய்மானம் மிகுதி. அதன் பின்னரும் அது நிற்பதில்லை. டால்கிரென் என்னும் ஆய்வாளர் பல் செட் அணிந்தவர்களை 25 ஆண்டுக் காலம் பின்தொடர்ந்து ஆராய்ந்து, 1972-இல் தம் முடிவுகளை வெளியிட்டார். தேய்மானம் ஆண்டுக்கணக்கில் தொடர்கிறது என்பதையும், முன்புறத்தில் கீழ்த்தாடை மேல்தாடையைப் போல ஏறத்தாழ நான்கு மடங்கு தேய்கிறது என்பதையும் அவ்வாராய்ச்சி காட்டிற்று.

மேல் செட் அகன்ற அண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். கீழ் செட்டுக்கு அந்த வசதி இல்லை. நடுவே நாக்கு அசைகிறது. இருபுறமும் கன்னமும் உதடும் தள்ளுகின்றன. பிடித்துக்கொள்ள எலும்பு மேடு ஒன்றே துணை. அந்த மேடும் தட்டையாகிவிட்டால் செட், நீர்மேல் மிதக்கும் ஓடம் போல ஆடும். ஆடும் செட் ஈறைக் கிழித்துப் புண்ணாக்கும். நம் ஆசிரியர் அதைக் கழற்றி வைத்துவிட்டு உண்டதன் காரணம் இதுதான். நன்றாகப் பொருந்திய செட்டுங்கூட இயற்கைப் பல்லின் மெல்லும் ஆற்றலில் ஒரு சிறு பங்கையே மீட்டுத் தருகிறது என்பதையும் இங்கே நினைவிற் கொள்ள வேண்டும்.

தந்தம் முதல் அக்ரிலிக் வரை

இழந்த பல்லுக்கு மாற்றுத் தேடும் முயற்சி இன்று நேற்றுத் தோன்றியதன்று. நடு அமெரிக்காவிலுள்ள ஹோண்டுராஸ் நாட்டில் 1931-இல் பழைய தாடை எலும்பு ஒன்று கண்டெடுக்கப்பட்டது. அதில் கீழ் முன்பற்கள் மூன்றின் இடத்தில் சிப்பி ஓட்டைச் செதுக்கிப் பொருத்தியிருந்தனர். ஏறத்தாழ ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முற்பட்ட மாயர்களின் கைவேலை அது. 1970-இல் எக்ஸ்-கதிர்ப் படம் எடுத்துப் பார்த்தபோது, சிப்பியைச் சுற்றி எலும்பு வளர்ந்திருந்தது தெரியவந்தது. உயிருள்ள மனிதரின் வாயிலேயே அது பொருத்தப்பட்டிருக்க வேண்டும் என்று ஆய்வாளர் முடிவு செய்தனர்.

ஐரோப்பாவில் செல்வர்கள் தந்தத்தில் பல் செய்து அணிந்தனர். 1815-இல் வாட்டர்லூ போர்க்களத்தில் மாண்ட வீரர்களின் பற்களையே பிடுங்கி விற்ற கொடுமையும் நிகழ்ந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில், கந்தகம் சேர்த்துக் கெட்டியாக்கப்பட்ட ரப்பர் வந்தது. 'வல்கனைட்' என்னும் அப்பொருளே எளியவர்க்கும் பல் செட் கிடைக்க வழி செய்தது. 1930-களின் பிற்பகுதியில் அக்ரிலிக் என்னும் பிளாஸ்டிக் வந்து ரப்பரை ஓரங்கட்டிற்று. ஈறின் நிறத்திலேயே அதனைச் செய்யலாம், எடை குறைவு, உடைந்தால் ஒட்டலாம். இன்றும் நம் மருத்துவமனைகளில் செய்யப்படும் பல் செட்களில் மிகுதியானவை அக்ரிலிக்கினாலேயே ஆனவை.

தமிழ்நாட்டுப் பேரூர்களின் கடைத்தெருக்களில் 'சீனப் பல் வைத்தியர்' என்னும் பெயர்ப்பலகையைப் பார்த்த நினைவு நம் மூத்த வாசகர்களுக்கு இருக்கலாம். தலைமுறை தலைமுறையாக அத்தொழிலைச் செய்துவந்த சீனக் குடும்பத்தார் அவர்கள். நம் நாட்டில் முறையான பல் மருத்துவக் கல்விக்கு வித்திட்டவர் டாக்டர் ரஃபியுதீன் அகமது. அவர் 1920-இல் கல்கத்தாவில் முதற் கல்லூரியைத் தொடங்கினார். 1948-இல் பல் மருத்துவர் சட்டம் வந்தது. சென்னையில் 1953-இல் மருத்துவக் கல்லூரியின் ஒரு பிரிவாகப் பல் மருத்துவக் கல்வி தொடங்கிற்று.

இத்தனை வளர்ச்சிக்குப் பின்னும் பழைய குறை ஒன்று தீராமலே இருந்தது. செட் எத்துணை அழகாயிருந்தாலும் அது ஈறின்மேல் உட்கார்ந்திருக்கிறதேயன்றி எலும்பில் வேரூன்றவில்லை. மேலிருந்து அழுத்துகிறதேயன்றி எலும்பை இழுப்பதில்லை. கரைக்கு வேர் திரும்பக் கிடைக்கவில்லை.

முயலின் காலில் கிடைத்த விடை

அவ்வேரைத் தற்செயலாகக் கண்டவர் ஸ்வீடன் நாட்டு உடற்கூற்றறிஞர் பெர்-இங்வார் பிரோனமார்க். பல்லைப் பற்றி அவர் ஆராயவே இல்லை. 1952-இல் லுண்ட் நகரப் பல்கலைக்கழகத்தில், எலும்பில் இரத்த ஓட்டம் எவ்வாறு நிகழ்கிறது என்பதைப் பார்க்க முயலின் கால் எலும்பில் சிறு கருவி ஒன்றைப் பதித்தார். அக்கருவி டைட்டேனியம் என்னும் உலோகத்தால் ஆனது. ஆய்வு முடிந்ததும் மறுபடி பயன்படுத்துவதற்காக அதனைக் கழற்ற முயன்றார். அது வரவில்லை. எலும்பும் உலோகமும் ஒன்றோடொன்று இறுகிப் போயிருந்தன.

வேறொருவராயிருந்தால் கருவி வீணாயிற்றே என்று வருந்தியிருப்பார். அவரோ, உடல் இவ்வுலோகத்தைப் பகையாகக் கருதவில்லையே என்று வியந்தார். ஆண்டுக்கணக்கில் விலங்குகளிடம் ஆராய்ந்த பின், 1965-இல் கோத்தன்பர்க் நகரில் யோஸ்டா லார்சன் என்பவருக்கு முதன்முதல் சிகிச்சை செய்தார். பிறவியிலேயே தாடை குறையுற்றுப் பற்களின்றித் துன்புற்றவர் லார்சன். அவருடைய கீழ்த்தாடையில் நான்கு டைட்டேனியத் திருகுகள் பதிக்கப்பட்டன. அவற்றின்மேல் பற்கள் பொருத்தப்பட்டன. 2006-இல் அவர் மறையும் வரை, நாற்பதாண்டுகளுக்கு மேலாக, அத்திருகுகள் அவருக்குப் பணி செய்தன.

எனினும் உலகம் உடனே நம்பவில்லை. உலோகத்தை எலும்பில் வைத்தால் சீழ் பிடிக்கும் என்று சக மருத்துவர்களே எள்ளி நகையாடினர். 1982-இல் கனடாவின் டொராண்டோ நகரில் நடைபெற்ற மாநாட்டில் அவர் தம் நீண்டகால முடிவுகளை எடுத்துரைத்த பின்னரே வாயில் திறந்தது. உண்மைக்கும் பொறுமை வேண்டும் போலும்! இன்று 'இம்ப்ளாண்ட்' என்று எல்லாரும் சொல்லும் பல் சிகிச்சை அதுவே. முறையாகச் செய்யப்பட்ட இம்ப்ளாண்ட்களில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் பத்தாண்டு கடந்தும் நிலைத்து நிற்கின்றன.

அவ்வுலோகத்தின் சிறப்புத்தான் என்ன? இரும்பு காற்றுப் பட்டால் துருப்பிடித்து உதிரும். டைட்டேனியமோ காற்றுப் பட்ட நொடியிலேயே மிக மெல்லிய ஆக்சைடு போர்வை ஒன்றைத் தன்மேல் போர்த்துக்கொள்ளும். அப்போர்வை உதிராது, உமிழ்நீரும் இரத்தமும் அதனை அரிக்கா. எலும்புச் செல்கள் அதனை ஒட்டியே வளரும்.

இவ்வுலோகத்தின் கதை மணலில் தொடங்குகிறது என்பதை அறிந்தால் வாசகர்கள் வியப்பர். வில்லியம் கிரெகர் என்னும் ஆங்கிலேயக் குருவானவர் ஒருவர் 1791-இல் கார்ன்வாலின் ஓர் ஓடையிலிருந்த கரிய மணலை ஆராய்ந்து, அதில் புதியதொரு தனிமம் இருப்பதைக் கண்டார். அதே கனிமம் நம் கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரையிலும் கருமணலாய்க் குவிந்து கிடக்கிறது. அங்கிருந்து சென்ற கயிற்று நாரில் ஒட்டியிருந்த மணலைக் கண்டே 1909-இல் ஷோம்பெர்க் என்னும் ஜெர்மானியர் அக்கரையின் கனிம வளத்தை அறிந்தார். டைட்டேனியம் தரும் இல்மனைட்டோடு, சிர்க்கோனியம் தரும் சிர்க்கானும் அம்மணலில் உண்டு. பல்லின் நிறத்திலேயே செய்யப்படும் உறுதியான 'கேப்'களுக்கு இன்று பயன்படுவது சிர்க்கோனியாதான். கேரளத்தின் சவறையில் 2011 முதல் டைட்டேனிய உலோகம் எடுக்கும் ஆலை ஒன்று உள்ளது. அது முதன்மையாக விண்வெளித் துறையை முன்னிட்டு எழுந்தது.

நம் நாட்டு அறிஞர்களும் வாளாவிருக்கவில்லை. தில்லி இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தாரும் மௌலானா ஆசாத் பல் மருத்துவக் கழகத்தாரும் இணைந்து உள்நாட்டு இம்ப்ளாண்டை உருவாக்க உழைத்துள்ளனர். எலும்பு குறைந்த இடத்தை நிரப்ப உதவும் செராமிக் பொருள்களைத் திருவனந்தபுரத்துச் சித்திரைத் திருநாள் நிறுவனத்தார் ஆக்கியுள்ளனர். எலும்பில் இயற்கையாகவே உள்ள கனிமத்தை ஒத்த ஹைட்ராக்ஸி அபடைட் அவற்றின் அடிப்படையாகும்.

மூன்று நாளில் முத்துப் பல்லா?

இதை வாசிக்கும் பிள்ளைகள் சிலர், 'அப்படியானால் நம் அப்பாவுக்கும் உடனே பல் பதித்துவிடலாமே' என்று எண்ணக்கூடும். நம் ஆசிரியரின் மகனும் அவ்வாறே எண்ணினார். மூன்று நாட்களில் வாய் நிறையப் பல் என்னும் விளம்பரம் ஒன்றைக் கைப்பேசியில் காட்டி, "பணம் எவ்வளவானாலும் பரவாயில்லை, அப்பா" என்று மன்றாடினார். ஆசிரியரோ, "மரம் வெட்டும் காலத்தில் ஊஞ்சல் கட்டவா?" என்று சிரித்து மறுத்துவிட்டார். மகன் கண் கலங்கினார். இருவர் பக்கமும் நியாயம் இருந்தது. இருவரிடமும் முழு உண்மை இல்லை.

நமக்குத் தெரிந்த வேறொருவரின் அனுபவத்தை இங்கே சொல்லியாக வேண்டும். அவர் நீரிழிவு நோயாளி, புகைப்பழக்கமும் உடையவர். சில இலட்சங்களைச் செலவிட்டு எல்லாப் பற்களையும் பதித்துக்கொண்டார். சர்க்கரை அளவைப் பற்றி யாரும் வற்புறுத்திக் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. இரண்டாண்டுக்குள் ஈறு வீங்கியது, எலும்பு கரைந்தது, திருகுகள் ஒன்றன்பின் ஒன்றாக ஆடிக் கழன்றன. பணம் போனது ஒருபுறம் இருக்க, எஞ்சியிருந்த எலும்பும் போயிற்று.

இம்ப்ளாண்டுக்குச் சொத்தை வராது. ஆனால் அதைச் சுற்றியுள்ள ஈறுக்கும் எலும்புக்கும் நோய் வரும். இயற்கைப் பல்லில் உள்ள நார்கள் இங்கே இல்லாமையால், நோய் பெரும்பாலும் வலியின்றியே உள்ளே பரவும். கட்டுப்படாத சர்க்கரையும் புகையிலையும் அதற்கு வழி திறந்து விடுகின்றன. மேலும் எலும்புத் தேய்மானத்திற்காக ஆலெண்ட்ரோனேட் போன்ற மருந்துகளை உட்கொள்ளும் தாய்மார்கள், பல் பிடுங்குமுன்னரே அதனைப் பல் மருத்துவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். இவ்வகை மருந்துகளால் சிலருக்குத் தாடை எலும்பு ஆறாமல் செத்துப் போவதுண்டு என்பது 2003 முதல் மருத்துவ உலகில் தெரியவந்துள்ளது. மருந்தைத் தாமாகவே நிறுத்தவும் கூடாது. மருத்துவர் இருவரும் கலந்து முடிவு செய்யட்டும்.

ஆகவே இம்ப்ளாண்ட் வைக்க விரும்புவோர் அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் கேட்க வேண்டிய கேள்விகளைக் கேட்டே ஆக வேண்டும். கடந்த மூன்று மாதச் சர்க்கரையின் சராசரி காட்டும் இரத்தச் சோதனை செய்யப்பட்டதா? எலும்பின் உயரமும் அகலமும், கீழ்த்தாடைக்குள் ஓடும் நரம்பின் இடமும் ஸ்கேன் மூலம் அளக்கப்பட்டனவா? சொல்லும் தொகையில் திருகு மட்டுமா, மேலே வரும் பல்லும் அடங்குமா? எந்த நிறுவனத்தின் திருகு, எந்த எண் என்று குறித்த அட்டை தருவார்களா? ஆண்டுதோறும் யார் பார்த்துத் துப்புரவு செய்வார்கள்? இவற்றுக்குத் தெளிவான விடை கிடைக்காத இடத்தில் அவசரப்படாதிருப்பதே நன்று. எலும்பு உலோகத்தைப் பற்றிக்கொள்ளப் பொதுவாகச் சில மாதங்கள் ஆகும். தகுந்த சிலருக்கு உடனே பல் பொருத்துவதும் உண்டு. ஆனால் யார் தகுந்தவர் என்பதைச் சோதனை சொல்ல வேண்டுமேயன்றி விளம்பரம் சொல்லக் கூடாது.

எல்லாப் பற்களையும் இழந்தவருக்கு வாய் நிறையத் திருகுகள் வேண்டும் என்பதும் இல்லை. கனடாவின் மக்கில் பல்கலைக்கழகத்தில் 2002-இல் கூடிய வல்லுநர்கள், கீழ்த்தாடையின் முன்புறத்தில் இரண்டே இம்ப்ளாண்ட்களைப் பதித்து, அவற்றின்மேல் கழற்றி மாட்டும் பல் செட்டைப் பொருத்துவதையே முதல் தேர்வாகக் கொள்ளலாம் என்று அறிவித்தனர். சட்டைப் பொத்தான் போல அது மாட்டிக்கொள்ளும். செலவும் அறுவையும் குறைவு, பயனோ பெரிது.

வெற்றிலைத் தட்டின் மறுபக்கம்

நம் ஆசிரியர் பற்களை எவ்வாறு இழந்தார் என்று கேட்டோம். விபத்தொன்றும் இல்லை. ஐம்பது வயதில் ஈறில் இரத்தம் கசிந்தது, பொருட்படுத்தவில்லை. ஒரு பல் ஆடிற்று. 'ஒன்றுதானே' என்று பிடுங்கினார். அடுத்த ஆண்டு மற்றொன்று. நாற்பதாண்டு வெற்றிலைப் பழக்கம், பிற்காலத்தில் சர்க்கரை. எழுபதை எட்டும்போது வாய் வெறுமையாயிற்று.

கும்பகோணத்துக் கொழுந்து வெற்றிலையும் வாசனைச் சீவலும் நம் பகுதியின் பெருமை. விருந்தினரை வெற்றிலைத் தட்டால் வரவேற்பது நம் பண்பு. எனினும் உண்மையை மறைப்பதற்கில்லை. 1952-இல் ஷ்வார்ட்ஸ் என்னும் மருத்துவர் நைரோபியில் வாழ்ந்த ஐந்து இந்தியப் பெண்களிடம் ஒரு விந்தை நோயைக் கண்டார். வாயின் உட்புறம் வெளுத்து, நார்போல் இறுகி, வாயைத் திறக்க முடியாமற் போயிற்று. அடுத்த ஆண்டே பம்பாயில் டாக்டர் ஜோஷியும் அதனை விவரித்தார். அதற்குக் காரணம் பாக்கு என்பது பின்னர் உறுதியாயிற்று. உலக நலவாழ்வு நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004-இல் வெளியிட்ட அறிக்கை, புகையிலை சேராத பாக்கும் புற்றுநோய் விளைவிப்பதே என்று கூறிற்று. குற்றவாளி வெற்றிலையன்று, அதனுள் மடிக்கப்படும் பாக்கும் புகையிலையுமே.

வீட்டிலேயே செய்து பார்க்கத்தக்க எளிய சோதனை ஒன்று உண்டு. நம் கையின் மூன்று விரல்களைச் சேர்த்து, ஒன்றன்மேல் ஒன்றாக நிற்குமாறு மேற்பல்லுக்கும் கீழ்ப்பல்லுக்கும் இடையே நுழைக்க வேண்டும். இடர்ப்பாடின்றி நுழைந்தால் நன்று. முன்பு நுழைந்து இப்பொழுது நுழையவில்லை என்றாலும், வாயில் எரிச்சலோ வெண்திட்டோ இரண்டு வாரத்திற்கு மேல் ஆறாத புண்ணோ இருந்தாலும், தாமதியாமல் மருத்துவரைக் காண வேண்டும். திறவாத தாடையில் எந்தப் பல்லையும் பதிக்க இயலாது.

இல்லந்தோறும் செய்யத்தக்கவை

முதலாவது, இருக்கும் பல்லைக் காப்போம். ஈறில் இரத்தம் வந்தால் துலக்குவதை நிறுத்தாமல், மென்மையான பிரஷால் காலையும் இரவும் துலக்கி, மருத்துவரிடம் சென்று பற்காறையை நீக்கிக்கொள்வோம். பற்காறை எடுத்தால் பல் ஆடும் என்பது வீண் அச்சம். நோயால் ஏற்கெனவே ஆடத் தொடங்கிய பல்லைக் காறை மறைத்து வைத்திருக்கிறது என்பதே உண்மை.

இரண்டாவது, பிடுங்கியே ஆக வேண்டிய நிலை வந்தால், அந்த இடத்தை என்ன செய்வது என்பதை அன்றே மருத்துவரிடம் கேட்போம். பத்தாண்டு கழித்துக் கேட்டால் எலும்பு காத்திருக்காது.

மூன்றாவது, பல் செட் அணிவோர் இரவில் அதனைக் கழற்றிக் கழுவித் தண்ணீரில் இட்டு வைக்க வேண்டும். கொதிநீரில் இட்டால் அக்ரிலிக் கோணும். இரவும் பகலும் அணிந்திருந்தால் ஈறில் காளான் பற்றும். எலும்பு தேயத் தேயச் செட்டின் உட்புறத்தையும் புதுப்பிக்க வேண்டும். பதினைந்து ஆண்டுக்கு முன் செய்த செட், பதினைந்து ஆண்டுக்கு முன் தைத்த சட்டை போன்றதே.

நான்காவது, செலவுக்கு அஞ்சிச் சிகிச்சையைக் கைவிட வேண்டாம். கொள்ளிடம் தாண்டினால் சிதம்பரத்தில், 1980-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தொடங்கப்பெற்றுப் பின்னர் அரசின் கீழ் வந்த பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. தெற்கே புதுக்கோட்டையில் 2023-இல் அரசு பல் மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. கல்லூரி மருத்துவமனைகளில் நேரம் சற்று மிகுதியாகும், செலவு குறையும். பேராசிரியர்களின் மேற்பார்வையும் கிட்டும்.

பிள்ளைகளுக்கு ஒரு சொல். பெற்றோரின் அறுபதாம் கல்யாணத்திற்கு மண்டபமும் மேளமும் விருந்தும் ஏற்பாடு செய்கிறீர்கள், நன்று. அதற்கு ஆறு மாதம் முன்னர் அவர்களைப் பல் மருத்துவரிடம் ஒருமுறை அழைத்துச் செல்லுங்கள். முதியோர் தம் வாயின் துன்பத்தைச் சொல்வதில்லை. 'பசியில்லை', 'முறுக்கு பிடிக்காது', 'கஞ்சியே போதும்' என்றுதான் சொல்வார்கள். அச்சொற்களுக்குப் பின்னே ஒளிந்திருக்கும் வலியைக் கேட்கும் செவி நமக்கு வேண்டும்.

கி.பி. 249-இல் அலெக்சாந்திரியாவில், விசுவாசத்தின் பொருட்டுத் தாடையில் அடிபட்டுப் பற்கள் நொறுங்கப்பெற்று உயிர் நீத்தவர் புனித அப்பொலோனியா. பல் நோயுற்றோர்க்கும் பல் மருத்துவர்க்கும் பாதுகாவலி அவர். அவருடைய திருநாளாகிய பிப்ரவரி 9-ஐ, நம் இல்லங்களில் ஆண்டுக்கொருமுறை அனைவரும் வாயைச் சோதித்துக்கொள்ளும் நாளாக வைத்துக்கொண்டால் என்ன? நினைவிற்கும் எளிது, பயனும் பெரிது.

ஆசிரியரின் கதையை முடிக்காமல் விட்டால் வாசகர்கள் நம்மைப் பொறுக்கமாட்டார்கள். மகன் குவைத்திற்குத் திரும்புமுன், தந்தையை ஒரு கல்லூரி மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றார். முழு வாய்க்கும் திருகு வேண்டாம் என்றனர் அங்குள்ளோர். வெற்றிலையை விடச் சொன்னார்கள். சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவர நான்கு மாதம் ஆயிற்று. பிறகு இரண்டு திருகுகள் பதித்தனர். மூன்று மாதக் காத்திருப்பு. அதன்பின் புதிய பல் செட்.

சென்ற பொங்கலுக்கு அவரைக் காணச் சென்றோம். தட்டில் கரும்புத் துண்டுகள் இருந்தன. "இதை மட்டும் மருத்துவர் தொடாதே என்றார்" என்று நமக்கு எடுத்துக் கொடுத்துவிட்டுத் தாம் ஒரு வடையை எடுத்துக் கடித்தார். கைக்குட்டை சட்டைப் பையிலேயே இருந்தது. அதில் மடித்து வைக்க ஒன்றும் இல்லை. விடைபெறுகையில் கையுயர்த்தி "வாழ்க" என்றார். வகரம் பழைய வகுப்பறையில் ஒலித்தது போலவே ஒலித்தது.